மஞ்சள் பட்டைக்குக் கீழே

மூன்றா, நாலா. வரிசையில் நிற்கிற அத்தனை பேருக்கும் நாலு என்று சொல்லிவிடக் கூடாதே என்று கவலை. வசந்தாமணிக்கு மட்டும் மூன்று என்று சொல்லிவிடக் கூடாதே என்று. இப்படி ஒரு வேண்டுதலை எந்தச் சாமியிடம் வைப்பது, என் நாய் தோற்க வேண்டும் என்று கேட்டால் எந்தச் சாமிதான் காதில் வாங்கும் என்று நினைத்தபடி, பெருந்துறை ரோட்டுக் கல்யாண மண்டபத்து மைதானத்தில் கயிற்றைக் கையில் இரண்டு சுற்றுச் சுற்றிக்கொண்டு நின்றாள். கயிற்றின் மறுமுனையில் குண்டான். ராட்வைலர் ஜாதி. கறுப்பு உடம்பு, கன்னத்திலும் காலிலும் துருப்பிடித்த செம்பழுப்பு, ஆளைப் பார்த்தால் அண்டா மாதிரி இருப்பான். காலையிலிருந்து உயரம் அளந்தார்கள், உதட்டைத் தூக்கிப் பல்லைப் பார்த்தார்கள், நடக்கவிட்டார்கள், ஓடவிட்டார்கள், பக்கத்தில் வந்து குடையைப் படாரென்று விரித்துப் பயப்படுகிறானா என்று பார்த்தார்கள். எல்லாவற்றிலும் தேறிவிட்டான், பாவி. மிச்சம் கண் ஒன்றுதான். அதோ ஷாமியானா ஓரத்தில் மேசை. மேசைமேல் ஒரு தட்டைப் பெட்டி. அதற்குள் கண்ணாடியில் செய்த ஆறு கண்கள், இமைக்காமல், மேலே பார்த்தபடி. முதல் கண் புளியங்கொட்டை நிறம், கடைசிக் கண் தேங்காயெண்ணெய் நிறம், நடுவில் இருப்பவை ஒன்றைவிட ஒன்று வெளுத்துக்கொண்டே போகும். இந்த ஜாதிக்குக் கண் கறுத்திருக்க வேண்டுமாம். மூன்றாவது வரைக்கும் சேர்த்தி, நாலாவதிலிருந்து தள்ளுபடி. தள்ளுபடியான நாயை இனம் சேர்க்கக் கூடாதாம். மனுஷர்களுக்குள் பார்க்கிற ஜாதி பத்தாதென்று இதற்கும் ஒரு பெட்டி செய்து வைத்திருக்கிறார்களே என்று அவளுக்குச் சிரிப்பு வந்தது. சிரிப்பு பாதியிலேயே நின்றுவிட்டது. மூன்றா, நாலா.

நாலு என்றால் குண்டான் அவளோடு வீட்டுக்கு வருவான். மூன்று என்றால் பூபதியோடு போவான். பேச்சு அப்படித்தான். பேசியது அவளேதான், யாரும் ஏமாற்றவில்லை. பூபதி சென்னிமலைப் பக்கம் நாய்ப்பண்ணை வைத்திருப்பவன். ஆட்டுக்குட்டியை வளர்க்கக் கொடுத்துப் பிறகு பங்கு பிரித்துக்கொள்கிற, வாரத்துக்கு விடுகிற ஊரில் பிறந்தவன் நாய்க்குட்டியையும் அப்படித்தான் விட்டான். கூண்டில் வளர்கிற நாய்க்கு மனுஷ வாசம் பத்தாது, குக்கர் விசில் அடித்தாலே கட்டிலுக்கு அடியில் போய்ப் படுத்துக்கொள்ளும், அதனால் நல்ல குட்டிகளை நாலு வீட்டில் வளர்க்கக் கொடுப்பான். வளர்ந்து தேர்வில் தேறினால் நாய் பண்ணைக்கு. தேறாவிட்டால் வளர்த்தவருக்கே. "வெச்சு வளத்துங்க்கா, உங்களுக்கும் ஒரு தொணையாச்சு" என்று பிஸ்கட் அட்டைப்பெட்டியில் வைத்துக் கொண்டுவந்து இறக்கினான். பெட்டிக்குள் சோறு வடிக்கிற குண்டானைக் கவிழ்த்து வைத்ததுபோல ஒன்று உட்கார்ந்திருந்தது. சான்றிதழில் வாயில் நுழையாத பெயர் ஒன்று உண்டு; அதைச் சொல்லி அவள் ஒரு நாளும் கூப்பிட்டதில்லை. அன்றைக்குச் சரி என்று தலையாட்டியபோது அவளுக்கு ஒன்றும் தோன்றவில்லை. நாய்தானே. போகிறபோது போகட்டும், நாய்தானே. அந்த நாய்தானேயை இப்போது நினைத்தால் நாக்கைப் பிடுங்கிக்கொள்ளலாம் போல இருந்தது. போன வாரம் பூபதி போன் செய்து, ஞாயிற்றுக்கிழமை தேர்வு, வண்டியை நானே கொண்டுவருகிறேன், தேறினால் அங்கிருந்தே கூட்டிப்போய்விடுகிறேன், நீங்கள் அலைய வேண்டாம் என்று சொன்னான். அவளுக்கு அலைச்சல் மிச்சமாம். நல்ல பையன், கெட்ட எண்ணம் துளி இல்லாதவன். அதனாலேயே அவனைத் திட்டவும் வழியில்லை.

வீட்டில் ஒரு குக்கர் இருக்கிறது, இருப்பதிலேயே சின்னது. அதில் ஒரு ஆளுக்குச் சோறு வைத்தால் அடிப்பிடிக்கும். வீட்டுக்காரர் போய்ச்சேர்ந்த பிறகு அதைக் கண்டுபிடித்தாள். ரெண்டு ஆளுக்கு வைத்து, ராத்திரிக்கும் அதையே சாப்பிட்டு, மறுநாள் காலையும் அதிலேயே தண்ணீர் ஊற்றிக் குடித்து, இப்படியே வருஷங்கள். குண்டான் வந்த பிறகு அளவு சரியாகிவிட்டது. அவனுக்குக் கோழிக்கால் வேகவைத்த தண்ணீரில் சோறு, மேலே ஒரு முட்டை. நாளைக்கு எந்த அளவு வைப்பது? இந்தக் கேள்வியில் மனசு மாட்டிக்கொண்டு மேலே போகவே மாட்டேன் என்றது. எத்தனையோ பெரிய கவலை இருக்க, அரிசி அளவு. சிமெண்டுத் தரையில் அவன் நகம் டக் டக் என்று கேட்குமே, அவள் அடுப்படியிலிருந்து கொல்லைக்குப் போனால் டக் டக், கொல்லையிலிருந்து திரும்பினால் டக் டக், அது கேட்காத வீடு எப்படி இருக்கும்? ஏற்கனவே இருந்த வீடுதான். அவளுக்குத் தெரியும். தெரிந்ததனால்தான் பயமாக இருந்தது.

பூபதிதான் ஒரு பாடத்தையும் சொல்லிக்கொடுத்தான். தேர்வுக்குப் போகிற நாய் தலையைத் தூக்கி நிமிர்ந்து நிற்க வேண்டும், அதற்கு உங்கள் முகத்தையே பார்க்கப் பழக்குங்கள் என்றான். முட்டைத் துண்டைத் தன் கண்ணுக்குப் பக்கத்தில் பிடித்துக்கொண்டு "பாரு" என்பாள். குண்டான் பார்ப்பான். "போதும்" என்று சொல்கிற வரைக்கும் பார்வையை எடுக்கக் கூடாது. போதும் என்றால் முட்டை. ஒரு மாதத்தில் கற்றுக்கொண்டான். பிறகு முட்டை இல்லாமலே பார்த்தான். சாயங்காலம் விளக்கு வைத்த பிறகு அவள் நாற்காலியில் உட்கார்ந்து பாரு என்பாள், அவன் எதிரே உட்கார்ந்து பார்ப்பான், தெருவில் பால்காரர் மணி அடிப்பார், பக்கத்து வீட்டு சீரியலில் யாரோ அழுவார்கள், பல்லி கத்தும், அவன் பார்த்துக்கொண்டே இருப்பான். அவள் போதும் என்று சொல்ல மாட்டாள். சொல்ல வேண்டும் என்று தெரியும், பாவம் கழுத்து வலிக்கும் என்று தெரியும், இருந்தாலும் இன்னும் கொஞ்சம், இன்னும் கொஞ்சம் என்று இருப்பாள். அவளை இத்தனை நேரம் இதற்குமுன் யாரும் பார்த்ததில்லை. சொன்னால் வெட்கம், ஆனால் அதுதான் உண்மை. பெண் பார்க்க வந்த அன்றைக்கு அவர்கூடப் பலகாரத் தட்டைத்தான் பார்த்தார்.

அவர் கண் என்ன நிறம்? இதை எத்தனையோ தடவை யோசித்துவிட்டாள், இங்கேயும் வந்து நிற்கிறது. கறுப்பா, காப்பிக்கொட்டையா, கொஞ்சம் தேன் கலந்ததா. தறிக்குப் போய்விட்டுப் பஞ்சுத் தூசி அப்பிய புருவத்தோடு வருவார், புருவம் நினைவிருக்கிறது. பஞ்சு ஒட்டிய காது நினைவிருக்கிறது. கண் இல்லை. போட்டோவில் எல்லோர் கண்ணும் கறுப்பு. ஈரோட்டுக் கடைவீதியில் அந்த மேட்சிங் சென்டரில் எத்தனை வருஷம் நின்றாள், ரவிக்கைத் துணிக்கு அவள் கண் தராசு என்று பேர் எடுத்தவள். ஒரு சேலையை ஒருதரம் பார்த்தால் போதும், அரக்கில் எந்த அரக்கு, மயில்கழுத்தில் பச்சை தூக்கலா நீலம் தூக்கலா, வெங்காயத்தோலில் ரோஸ் எத்தனை, எல்லாம் மனசில் ஒட்டிக்கொள்ளும். போன தீபாவளிக்கு வந்த அம்மா கட்டியிருந்த சேலையின் நிறம்கூட இந்தத் தீபாவளிக்கும் மறக்காது. கூடவே படுத்து எழுந்த மனுஷனின் கண் நிறம் தெரியாது. பார்க்கவே இல்லை, அதுதான் விஷயம். பேசுகிறபோது தரையைப் பார்த்துப் பேசினாள், அவர் தோளுக்கு மேலே சுவரைப் பார்த்துப் பேசினார், இப்படியே ஒரு ஆயுசு ஓடிப்போனது. கடையிலும் மனுஷர் முகம் எங்கே பார்த்தாள், துணியைத்தானே பார்த்தாள். டியூப்லைட் வெளிச்சத்தில் நாலைந்து துணியைப் பிரித்துப் போட்டு, பிறகு சேலையையும் துணியையும் சுருட்டி எடுத்துக்கொண்டு வாசலுக்கு நடப்பாள். இங்க பாத்தா தப்பாத் தெரியும், வெளிய வாங்க, வெளிச்சத்துல பாக்கலாம். அந்த வாக்கியத்தை எத்தனை ஆயிரம் தடவை சொல்லியிருப்பாள். உள்ளே ஒட்டுகிற நிறம் வாசலில் பிரிந்துபோகும். உள்ளே சேராதது வாசலில் அக்கா தங்கை மாதிரி நிற்கும். தெரியாமல் தப்பான துணி கொடுத்ததுண்டு, ஒன்றிரண்டு. தெரிந்து கொடுத்ததில்லை. முதலாளி விலைபோகாமல் கிடந்த கட்டு ஒன்றைத் தள்ளிவிடச் சொன்னபோதுகூட.

ஆனால் இன்றைக்குத் தெரிந்தே செய்யத்தான் வந்திருக்கிறாள். காலையில் மைதானத்துக்குள் நுழைந்ததுமே அவள் பார்த்தது நாய்களை இல்லை, ஷாமியானாவை. சிவப்புப் பட்டை, மஞ்சள் பட்டை, பச்சைப் பட்டை என்று அடுத்தடுத்துத் தைத்த பந்தல் துணி. வெயில் ஏறினால் அந்தந்தப் பட்டைக்குக் கீழே அந்தந்த நிறம் இறங்கும். சிவப்புப் பட்டைக்குக் கீழே உட்கார்ந்திருந்த ஒருத்தருடைய வெள்ளை வேட்டி ரோஸாக இருந்தது. மஞ்சள் பட்டைக்குக் கீழே நிற்க வைத்தால் புளியங்கொட்டைகூட வெல்லப்பாகு ஆகிவிடும். மேசை பந்தலுக்கு வெளியே, வெறும் வெளிச்சத்தில். நாயை நிறுத்துகிற இடம் உள்ளே, மஞ்சளிலிருந்து பச்சைக்குப் போகிற விளிம்பில். மஞ்சள் பக்கம் ரெண்டு அடி தள்ளி நிறுத்தினால் ஆயிற்று. இது பொய்யா? வாயால் ஒன்றும் சொல்லப் போவதில்லையே. நிற்கிற இடத்தில் நிற்கப் போகிறாள், அவ்வளவுதான். முன்னால் நிற்கிற கோபிச்செட்டிபாளையத்து ஆள் தன் நாயின் கண்ணில் என்னவோ சொட்டுமருந்து விட்டுக் கொண்டுவந்திருக்கிறான் என்று பின்னால் நிற்பவர்கள் கிசுகிசுத்தார்கள், கண்பாப்பா விரிந்து கண் கறுப்பாகத் தெரியுமாம். அவரவர் பாடு அவரவருக்கு. வரிசை நகர்ந்தது. "நெழலுக்கு வாங்க்கா, நாய் காஞ்சு போயிரும்" என்று பூபதி தண்ணீர்க் கிண்ணத்தோடு ஓடிவந்தான். குண்டான் குடித்தான், குடித்துவிட்டுத் தாடைத் தண்ணீரை அவள் சேலையில் துடைத்துக்கொண்டான். பூபதி அவன் முதுகைத் தட்டினான். "எல்லாம் பாஸ் ஆயிருச்சுங்க்கா. கண்ணு மட்டும்தான். கண்ணு நல்லாத்தான இருக்குது, ஏனுங்க்கா? நீங்க சொன்னாச் சரியா இருக்கும்." அவள் "என்னமோப்பா, எனக்கென்ன தெரியும்" என்றாள். கடைவீதியில் யாரும் அவள் வாயிலிருந்து கேட்டிராத பேச்சு அது. பூபதி கவனிக்கவில்லை. அவன் முகத்தில் அத்தனை ஆசை. அவன் ஆசையைப் பார்க்கவும் கஷ்டமாக இருந்தது. ஒரே நாயை ரெண்டு பேர் விரும்பினால் ஒருத்தர் அழுதுதானே ஆக வேண்டும், அது ஏன் எப்போதும் நானாக இருக்க வேண்டும் என்று மனசுக்குள் அவனோடு சண்டை போட்டாள். மூன்றா, நாலா. நாலு, நாலு, நாலு.

பேர் கூப்பிட்டார்கள். அந்த வாயில் நுழையாத பேர். அவள் போய் ரெண்டு அடி தள்ளி நிறுத்தினாள். குண்டான் நெற்றியில் மஞ்சள் விழுந்தது, அவள் கைமேலும் விழுந்தது, வளையல்கூட நிறம் மாறியது. நடுவர் பெங்களூரிலிருந்து வந்தவர், நரைத்த மீசை, பேசுகிற தமிழில் கன்னட வாசம். குனிந்து "வா மகனே, இங்கே பாரு" என்றார். குண்டான் வசந்தாமணியைப் பார்த்தான். அவர் விரலைச் சொடுக்கினார். அவன் காது மட்டும் அசைந்தது, கண் அவளிடமே இருந்தது. அவர் இந்தப் பக்கம் வந்தார், அந்தப் பக்கம் போனார், மோவாயைப் பிடித்துத் திருப்பினார். பிடிக்கவிட்டான், திருப்பவும்விட்டான், விழி மட்டும் ஓரத்துக்கு ஓடி அவளைத் தேடியது. "அடேயப்பா, அம்மாவைத் தவிர யாரையும் பார்க்க மாட்டானா" என்று சிரித்துக்கொண்டு அவர் அவள் முதுகுக்குப் பின்னால் வந்து நின்று தோளுக்கு மேலே எட்டிப் பார்த்தார். பார்த்தார். மேசைப் பக்கம் திரும்பிப் பெட்டியைப் பார்த்தார், மறுபடி பார்த்தார். "த்சோ. இத்தனை நல்ல நாய். தலை நல்லாயிருக்கு, எலும்பு நல்லாயிருக்கு. கண்ணு போச்சே. நாலு. நாலுக்கும் மேலேயே சொல்லலாம். பருந்துக் கண்ணு இது. பார்த்தாலே ஒரு கெட்ட பார்வை வருது பாருங்க." பூபதியின் முகம் தொங்கிப்போனது. "சார், இன்னொருக்காப் பாருங்க சார். அக்காவக் கேளுங்க, மேட்சிங் சென்டர்ல இருந்தவங்க, அவங்க கண்ணு தப்பாது" என்று கெஞ்சினான். நடுவர் நல்ல மனுஷர், பேனாவை எடுத்தவர் நிறுத்தினார். "நீங்களே சொல்லுங்கம்மா. மஞ்சள்தானே?"

தலையாட்டினால் போதும். பேசக்கூட வேண்டாம். கழுத்து ஒரு விரற்கடை கீழே போய் மேலே வந்தால் குண்டான் இன்றைக்குச் சாயங்காலம் வீட்டில். அவள் அவன் கண்ணைப் பார்த்தாள், தலையாட்டுவதற்கு முன்னால் ஒருதரம், சும்மா. மஞ்சளாகத்தான் இருந்தது. பருந்துக் கண்ணாம். கெட்ட பார்வையாம். அந்தக் கண்ணையா. காய்ச்சலில் கிடந்தபோது ஒரு பொழுது முழுக்கக் கட்டில் ஓரத்தில் தாடையை வைத்துக்கொண்டு அவளையே பார்த்த கண்ணை, அவள் அழுதால் அழுகிறாள் என்று அவளுக்கு முன்னால் தெரிந்துகொள்கிற கண்ணை. தெரியாத மனுஷர், துணி நிழலில் பார்த்துவிட்டுப் பேசுகிறார், அவரைச் சொல்லிக் குற்றமில்லை, அங்கே நிறுத்தியது யார். தலையாட்டு. ஆனாலும் அது எழுதிப் போய்விடும், கெட்ட கண் என்று, அவன் இருக்கிற வரைக்கும் அவன் பேருக்குப் பக்கத்தில், தலையாட்டு, எழுதினால் எழுதட்டும், நாய்க்குப் படிக்கவா தெரியும், தலையாட்டு வசந்தாமணி, வீட்டுக்குப் போகலாம், முட்டை வாங்கிக்கொண்டு போகலாம். ஒரு நிறத்தை அந்த நிறம் இல்லை என்று சொல்ல வேண்டும், அவ்வளவுதானே, உலகத்தில் எத்தனை பேர் சொல்கிறார்கள். "இங்க பாத்தா தப்பாத் தெரியுமுங்க" என்று யாரோ சொன்னார்கள். கடைக்குரல். எத்தனையோ வருஷம் வாடிக்கைக்காரர்களிடம் சொல்லிப் பழகிய, கொஞ்சம் பெருமை கலந்த அதே குரல். "மேல துணி மஞ்சளுங்க. வெளிய வாங்க, வெளிச்சத்துல பாக்கலாம்." சொல்லிவிட்டாள். சொன்னது போதாதென்று காலும் நடந்தது, சேலையைச் சுருட்டிக்கொண்டு வாசலுக்கு நடக்கிற அதே நடை. மண்டபத்துச் சுவர் ஓரம் நல்ல திறந்த நிழல், மேலே வானம். நடுவர் பெட்டியை எடுத்துக்கொண்டு பின்னால் வந்தார். அவள் கையை நீட்டினாள், அவர் கொடுத்தார். முதல் கண்ணாடியை அவன் இமைக்குப் பக்கத்தில் வைத்தாள். இல்லை, இது கறுப்பு தூக்கல். ரெண்டாவதை வைத்தாள். வைத்ததும் கண்ணாடி எது கண் எது என்று தெரியாமல் ரெண்டும் ஒன்றாகிவிட்டது. ரவிக்கை சேலைக்குள் போய் மறைகிற மாதிரி, கடையில் அப்படிச் சேர்ந்தால் உடம்பெல்லாம் ஒரு சந்தோஷம் ஓடுமே, அது ஓடியது. ஒரு கணம் வேறு எதுவும் நினைவில்லை. "ரெண்டுங்க" என்றாள். "மூணு கூட இல்லீங்க. ரெண்டேதான்." நடுவர் குனிந்து அவள் கன்னத்துக்குப் பக்கத்தில் முகத்தை வைத்துப் பார்த்தார். "ஆமாம்மா. நல்ல கண்ணு. அருமையான கண்ணு" என்று எழுதினார். அதற்குப் பிறகுதான் அவளுக்கு என்ன செய்தோம் என்று உறைத்தது.

பூபதி அவள் கையைப் பிடித்துக் குலுக்கினான், காலில் விழப்போனான், கண்ணைத் துடைத்துக்கொண்டான். அக்கா அக்கா என்று வேறு வார்த்தையே வரவில்லை. "எப்ப வேணாலும் வாங்க்கா, உங்க வூடு மாதிரி. இதோட குட்டி ஒண்ணு உங்களுக்குத்தான், மொதக் குட்டி, நீங்களே பாத்து எடுத்துக்கோணும்." அவள் சரிப்பா என்றாள். குண்டான் காலைக்கு முட்டை சாப்பிடுவான், ரொம்ப வேகவைக்க வேண்டாம், பட்டாசு வெடித்தால் தண்ணி குடிக்க மாட்டான், இடது காது பக்கம் சொறிந்தால் பிடிக்கும் என்று சொல்ல நினைத்து, முட்டையை மட்டும் சொன்னாள். வண்டி பின்கதவு திறந்திருந்தது. உள்ளே கம்பிக் கூண்டு, கீழே புதுச் சாக்கு. குண்டான் ஏறச் சொன்னதும் ஏறினான், அவளும் ஏறுவாள் என்று கொஞ்சம் இடம் விட்டு நின்றான். பூபதி கதவைச் சாத்தித் தாழ் போட்டான். குண்டான் கம்பிக்கு இந்தப் பக்கம் நின்ற அவள் முகத்தைப் பார்த்தான். உட்காரவில்லை, படுக்கவில்லை, பூபதி வைத்த தண்ணீரை மோந்துகூடப் பார்க்கவில்லை, பார்த்துக்கொண்டே நின்றான். வண்டி ஸ்டார்ட் ஆனபோது உடம்பு ஒருதரம் ஆடியது, கால்களை அகட்டி வைத்துச் சமாளித்துக்கொண்டு மறுபடி பார்த்தான். "ஏனுங்க்கா, இப்படியே சென்னிமலை வரைக்கும் நின்னுட்டே வந்தா விழுந்துருமேங்க்கா" என்றான் பூபதி. ஆமாம், நிற்பான். சொல்கிற வரைக்கும் நிற்பான். அவள்தானே பழக்கினாள். அவள் கம்பிக்குக் கிட்டே போனாள். வெளிச்சம் நேராக விழுந்தது, ரெண்டாவது கண்ணாடிதான், சந்தேகமே இல்லை, ஓரத்தில் மட்டும் மெல்லிசாய்க் காப்பிக்கொட்டை நிறத்தில் ஒரு கோடு, நடுவில் சின்னதாய் அவள். இந்த நிறம் சாகிற வரைக்கும் மறக்காது. நன்றாகப் பார்த்துக்கொண்டாள்.

"போதும்" என்றாள். குண்டான் முகத்தைத் திருப்பிக்கொண்டு கிண்ணத்தில் தண்ணீர் குடிக்கத் தொடங்கினான்.